நாலு எழுத்துக்கு இடம்

பித்தளை ஒரு திமிர் பிடித்த சாமான். மரம் அப்படியல்ல, லேசர் ஒளி பட்டவுடன் கறுத்து, சொன்னதைக் கேட்டு, எழுத்தை வாங்கிக்கொள்ளும். தோலும் அப்படித்தான். பித்தளையோ விழுகிற ஒளியையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மினுங்கிக்கொண்டு நிற்கும். என்னிடம் இருப்பது பொழுதுபோக்குக்கு வாங்குகிற சின்ன மெஷின். நாலு கால், நடுவில் அங்குமிங்கும் ஓடித் திரியும் ஒரு தலை, அதிலிருந்து இறங்கும் நீல ஒளி. அவ்வளவுதான். ஓய்வு பெற்ற வருடம் நானே இணையத்தில் தேடி எடுப்பித்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் இனி வீட்டில் இருந்து வடகம் காயப்போடுவாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அது அவர்களுடைய பிழை.

முதலில் எங்கள் வீட்டுப் பித்தளை மூடி ஒன்றில் என் முதலெழுத்துகளைப் போடப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் தலை ஓடியது. கழற்றிப் பார்த்தால் மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. என் கணவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர். எதையும் வியாபாரமாகத்தான் பார்ப்பார்.

"இஞ்சாரும், மூடி முந்தியைவிட நல்லாய் மினுங்குது. பாத்திரம் மினுக்கிக் குடுக்கப்படும் எண்டு ஒரு பலகை எழுதி வாசல்ல கட்டுவமே?" என்றார்.

"விசர்க் கதை கதையாமல் அங்காலை போங்கோ," என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும். இரண்டு கிழமை எதையெதையோ வாசித்து, நாலு மூடியைப் பழுதாக்கி, கடைசியில் வழியைக் கண்டுபிடித்தேன். அதை இங்கே விளங்கச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதில்தான் நிற்கிறது. பித்தளையில் முதலில் கறுப்பு மை பூசிக் காயவிடுவேன். லேசரால் பித்தளையை ஒன்றும் செய்ய ஏலாது, ஆனால் மையை எரிக்க முடியும். எழுத்து விழுகிற இடத்தில் மட்டும் மை எரிந்துபோய், கறுப்புக்கு நடுவே பித்தளை பொன்னிறமாகத் தெரியும். பிறகு உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை அந்த எழுத்துகளின் மேல் ஒற்றி, பழைய ரவுட்டர் ஒன்றின் அடாப்டரிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுப்பேன். பச்சை நுரை கிளம்பும். மை இருக்கிற இடம் தப்பிவிடும். மை போன இடத்தை உப்புத்தண்ணீர் தின்னும். அப்படித்தான் எழுத்து ஆழமாக இறங்குகிறது. எங்கள் புளியங்கூடல் கிணற்றுத் தண்ணீருக்கே உப்புக் காணும் என்றாலும் நான் இரண்டு கரண்டி கூடப் போடுவேன்.

உப்புத்தண்ணீர் வைக்கும்வரை எந்தப் பிழையையும் மையைக் கரைக்கிற தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வைத்தபின் ஏலாது. ஆரம்பத்தில் ஒரு குடத்தில் ஒருவருடைய பெயரில் ஒற்றெழுத்தைத் தவறவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தேன்: மையில் எழுத்து விழுந்ததும் சொந்தக்காரர் வந்து கண்ணால் வாசித்து ஓம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பஞ்சை எடுப்பேன்.

வந்த வேலையெல்லாம் ஏறக்குறைய ஒரே வகை. திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கோயிலுக்கு விளக்கு, தட்டம், குடம் என்று வாங்கிக் கொடுப்பார்கள். தகப்பனின் ஞாபகமாக, தாயின் ஞாபகமாக. ஆகவே பெயருக்கு முன்னால் 'அமரர்' வரும். ஒவ்வொரு முறையும் அதைத் தட்டுவானேன் என்று கணினியில் ஒரு கோப்புச் செய்து வைத்திருந்தேன். அதைத் திறந்தால் 'அமரர்' ஆயத்தமாக நிற்கும். பக்கத்தில் பெயரை மட்டும் போட வேண்டியதுதான். என்ன கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சரவணையிலிருந்து அந்த அக்கா வந்தது திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது. எழுபது வயது இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, பெரிய பித்தளைத் தட்டம் ஒன்றைத் துவாயில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் ஒரு ஆணின் பெயர், முதலெழுத்தோடு, அழகான உருண்டைக் கையெழுத்தில். கீழே சரவணை என்று ஊர்ப் பெயர்.

"இவற்ரை பேரைத்தான் ரீச்சர் போடவேணும். இந்த விளிம்பில. கோயிலுக்குக் குடுக்கிறதுக்கு."

"ஓம் அக்கா. உங்கடை மனிசனோ?"

"ஓம். இவருக்குப் பெரிய தட்டந்தான் விருப்பம். சின்னத் தட்டத்தில அருச்சனை கொண்டு போனா, உதென்ன பிச்சைத் தட்டே எண்டு கேப்பார்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் விஞ்ஞான ரீச்சர். தமிழ் ரீச்சராக இருந்திருந்தால் அந்த வாக்கியத்தில் இருந்த காலத்தைக் கவனித்திருப்பேன். கேட்பார் என்றாரே தவிர, கேட்டவர் என்று சொல்லவில்லை. நெற்றியில் குங்குமமும் இருந்தது. அதைக் கண்டேன். இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள், வைத்தால் நல்லதுதானே என்று முற்போக்காக நினைத்துக்கொண்டு தாளை வாங்கி வைத்தேன். மூன்றாம் நாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

தட்டத்துக்கு மை பூசினேன். கோப்பைத் திறந்தேன். பெயரைத் தட்டினேன். மெஷின் ஓடியது. குசினியில் நின்ற கணவர், "கறி எரியுதே, உம்மடை மெஷின் எரியுதே?" என்று கேட்டார். மை எரியும் மணம் அப்படித்தான் இருக்கும். ஒரே வரி, அகலமான விளிம்பில் நடுவாக, அமரர் என்று தொடங்கி, பெயர் வந்து, சரவணை என்று முடிந்தது. அன்றுவரை நான் போட்டதில் அதுதான் வடிவான வேலை.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, தட்டத்தை மடியில் கொடுத்தேன்.

"வாசிச்சுப் பாருங்கோ அக்கா. எழுத்துப் பிழை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ. பிறகு ஏலாது."

வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குள் ஒரு கடுப்பு ஏறியது. அடுப்பில் சோறு வேறு.

"சரிதானே அக்கா?"

"எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை," என்றார். பிறகு, "இதை ஒருக்கா வீட்டை கொண்டுபோய் வைச்சிருந்திட்டுத் தரட்டே?" என்று கேட்டார்.

"ஏன் அக்கா? இருந்தா இப்பவே முடிச்சுத் தந்திடுவன். திரும்ப என்னத்துக்கு பஸ்ஸில அலையிறியள்?"

"இல்லை ரீச்சர். ஒரு ரெண்டு மூண்டு நாள்."

சரி, மை உரசாமல் கொண்டு போங்கோ என்று நானே துவாயில் சுற்றிக் கொடுத்தேன். அக்கா போன கையோடு கணவரிடம் முறைப்பட்டேன், ஒரு வரியை வாசிக்க மூன்று நாள் கேட்கிறா என்று. வந்தது யார், எங்கே இருந்து, என்ன பெயர் என்று அவர் விசாரித்தார். தாளை நீட்டினேன். பார்த்தவர் தாளை மேசையில் வைத்தார்.

"நீர் அமரர் எண்டு போட்டனீரோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"இவர் செத்தவர் இல்லையப்பா. காணாமல் போனவரெல்லே. இடம்பெயர்ந்து போன காலத்தில, காலமை சைக்கிள் எடுத்துக்கொண்டு ரவுனுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. அந்த மனிசி இண்டைவரைக்கும் மரணப் பத்திரம் எடுக்கேல்லை. எத்தினை பேர் சொல்லியும் கையெழுத்து வைக்கேல்லை. உமக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. நான் காரைநகரில் பிறந்து, இங்கே கல்யாணம் முடித்து வந்தவள். சரவணையின் கதைகள் எல்லாம் என் காதுக்கு வந்ததில்லை. இருந்தாலும் கேட்டிருக்கலாமே. வாயைத் திறந்து, அக்கா, அவர் இருக்கிறாரோ என்று ஒரு கேள்வி. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேள்வி கேட்காமல் விடையை எழுதினால் நான் கொப்பியைத் தூக்கி எறிவேன். முப்பது முப்பத்தைந்து வருடமாக ஒரு மனுசி சொல்ல மறுத்த சொல்லை, சோறு பொங்குகிற அவசரத்தில் பொன் எழுத்தில் எழுதி மடியில் வைத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கோ என்று கேட்டிருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவிடம் போன் இலக்கம் வாங்கியிருக்கவில்லை. அடுத்த நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சரவணைக்கு வெளிக்கிட்டேன். கேட்டைத் திறக்கும்போது கணவர் மறித்தார்.

"போய் என்ன சொல்லப்போறீர்?"

"பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுவன். துடைச்சுத் தாறன் எண்டு சொல்லுவன்."

"அவ அதை அங்கையே சொல்லியிருக்கலாமெல்லே? சொல்லேல்லையே. வைச்சிருக்க வேணும் எண்டெல்லே கேட்டவ. வைச்சிருக்கட்டுமன்."

அவர் சொல்வது சரி என்று எனக்கு லேசில் தோன்றுவதில்லை. அன்று ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினேன்.

நாலாம் நாள் பின்னேரம் அக்கா வந்தார். நான் ஓடிப்போய், "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எனக்கு விசயம் தெரியாது," என்று வாசலிலேயே தொடங்கினேன். கையை அமர்த்தி என்னை நிற்பாட்டினார்.

"பரவாயில்லை ரீச்சர். நான் சரிக்கட்டிப் போட்டன்."

துவாயை விரித்தார். விளிம்பில் பெயரும் ஊரும் அப்படியே இருந்தன. முன்னால் அந்த நாலு எழுத்து இருந்த இடத்தில் மையே இல்லை. ஏதோ கத்தி நுனியால் பொறுமையாக, பெயரில் ஒரு கோடும் படாமல், சதுரமாகச் சுரண்டி எடுத்திருந்தார். பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

"சுரண்டிப் போட்டன். இனிப் பிரச்சினை இல்லைத்தானே? நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ."

ஐயோ கடவுளே என்று தலையில் கை வைத்தேன். அவருக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில், கடிதத்தில், எங்கேயும் துடைத்தாலோ சுரண்டினாலோ அழியும். இங்கே அது தலைகீழ்.

"அக்கா, கோவியாதேங்கோ. மை இருக்கிற இடந்தான் தப்பும். மை போன இடத்தைத்தான் உப்புத்தண்ணி தின்னும். நீங்கள் சுரண்டின இடம் முழுக்கக் குழியாய்ப் போகும். பேரைவிட அந்த இடந்தான் பெரிசாய்த் தெரியும்."

அக்கா கதிரையில் இருந்தார். தட்டத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. எனக்கும் கண் நிறைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி போட எழும்பினேன். அக்கா என் சேலையைப் பிடித்து இருத்தினார்.

"மூண்டு நாள் சாமி அறையில வைச்சிருந்தனான் ரீச்சர். முதல் நாள் துணியால மூடித்தான் வைச்சன். ரெண்டாம் நாள் திறந்து, சத்தம் போட்டு வாசிச்சுப் பாத்தன். பேர் வருகுது. ஊர் வருகுது. முன்னுக்கு இருக்கிறது மட்டும் வாயில வருகுதில்லை. மூண்டாம் நாளும் பாத்தன். வரேல்லை. பிறகுதான் கத்தியை எடுத்தன்."

தட்டத்தைத் துவாயின் மேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பிள்ளையள் ரெண்டு பேரும் கனடாவில. அவை எப்பவோ முடிவெடுத்திட்டினம். அவர் சைக்கிள் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட நாளில வருசா வருசம் திவசம் செய்யினம். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கினம். அண்டைக்கு மட்டும் போன் எடுக்க மாட்டினம். எடுத்தா அய்யரின்ரை சத்தம் கேட்டுப்போடும் எண்டு பயம்." மூக்கைத் துடைத்தார். "பாவம், அதுகளும் எத்தினை வருசத்துக்குத் தகப்பனைத் தேடுறது? நான் அதுகளைப் பிழை சொல்லேல்லை. எனக்கு ஏலாது, அவ்வளவுதான்."

"நீங்கள் ஏன் அக்கா சொல்லவேணும்? ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை," என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். கோபம் யாரில் என்று எனக்கே தெரியவில்லை. என் கோப்பில்தான் முதலாவதாக இருந்திருக்கும்.

சுரண்டின இடத்தில் மறுபடி மை பூசினால் போதும், தப்பிவிடும் என்று சொன்னேன். தூரிகையைத் தாருங்கோ, நானே பூசுறன் என்றார். எனக்கு வராத நேர்த்தியில், பெயரின் முதலெழுத்துக்கு ஒரு நூல் இடம் விட்டு, இரண்டு தரம் பூசினார். காய்ந்ததும் தட்டத்தைத் தூக்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் வெறுமை, பெயரும் ஊரும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றன. யார் பார்த்தாலும் கோணல் என்பார்கள்.

"அக்கா, பேர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்குது. முழுக்கத் துடைச்சுப்போட்டுப் புதுசாய் நடுவில போடுறன். உபயம் எண்டு முன்னுக்குப் போடுவம், இருக்கிற ஆக்களுக்குப் போடுற மாதிரி. ஒரு மணித்தியாலம் இருங்கோ, இப்பவே செய்து தாறன்."

"வேண்டாம் ரீச்சர்."

"வடிவில்லை அக்கா. கோயில்ல நாலு பேர் பாக்கிற சாமான்."

"வடிவில்லாட்டிப் பரவாயில்லை. அந்த இடம் அப்பிடியே கிடக்கட்டும்."

"என்னத்துக்கு?"

அக்கா தூரிகையைத் தின்னரில் கழுவி, துணியில் ஒற்றி, என் மேசையில் நேராக வைத்தார்.

"நான் செத்தாப்பிறகு பிள்ளையள் வருவினம். கோயில்ல கேட்டு வாங்கி உங்களிட்டைத்தான் கொண்டு வருவினம். அப்ப அதில நீங்கள் போட்டுக் குடுங்கோ. அதுகளுக்கு அது வேணும். நான் இருக்குமட்டும் வேண்டாம்."

பஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்தேன். அவர் பக்கத்திலேயே இருந்து, பச்சை நுரை கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக இறங்கியது. கழுவி, மையைத் துடைத்து, துணியால் தேய்த்துக் கொடுத்தபோது, விரலை வைத்துப் பெயரைத் தடவினார். தடவிக்கொண்டே இடப்பக்கம் வந்தார். அந்த இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கத்தி கீறிய மெல்லிய தழும்புகள் மட்டும். அவர் போனபின், விளிம்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எழுத்தின் உயரம் எவ்வளவு என்பதையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன். என் வயதும் அறுபது தாண்டிவிட்டதால் மெஷினை எப்படிப் பாவிப்பது என்பதையும் சேர்த்து எழுதினேன்.

திருவிழாவில் அக்கா வீட்டாருடைய பூசை நாளுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். கணவரோடு போனேன். தட்டத்தில் பழமும் வெற்றிலையும் பூவும் நிறைந்திருந்தன. அக்கா நல்ல சேலை உடுத்து, பெரிய குங்குமப் பொட்டோடு, முன்வரிசையில் நின்றார். அருச்சனைக்கு யாருடைய பெயர், என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்க, இருக்கிற ஒருவருக்குச் சொல்வது போலத் தெளிவாக, உரத்துச் சொன்னார். ஐயரும் அப்படியே சொல்லிப் பூவைப் போட்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த ஊர் இத்தனை வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பூசை முடிந்து தட்டத்தை ஒப்படைக்கும்போது, கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் அதை வாங்கி விளிம்பை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துப் பகிடியாகச் சிரித்தார்.

"என்ன ரீச்சர், இவ்வளவு பேருக்குக் கணக்கு விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள், ஒரு பேரை நடுவில போடத் தெரியேல்லையே?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் அக்காவின் முகம் மாறியது. எல்லோர் முன்னாலும் எதையோ சொல்ல வாய் எடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் அண்ணை, என்ரை பிழைதான். அளவு மாறிப் போச்சு."

நான் அப்படி எதையும் லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை என்பது தெரிந்த என் கணவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என் கையைப் பிடித்தார். கூட்டம் கலையும்வரை விடவில்லை.